நஸ்ரீனை எங்கே தேடுவது: ஏலக் கணக்கிலா, தரவரிசையிலா, பழைய காகிதங்களிலா?

ஓர் ஓவியர் உலக அளவில் எங்கே நிற்கிறார் என்று பார்க்க இணையத்தில் மூன்று வழிகள் உண்டு. ஏல விலைகளைச் சேர்த்துவைக்கும் ஆர்ட்பிரைஸ், ஆர்ட்நெட் ஒரு வகை. கண்காட்சிகளை எண்ணித் தரவரிசை போடும் ஆர்ட்ஃபேக்ட்ஸ் இன்னொன்று. கடிதம், அழைப்பிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கும் ஏஷியா ஆர்ட் ஆர்கைவ் மூன்றாவது. பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஆளை வைத்துப் பார்ப்போம்: இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதி.

1937-ல் கராச்சியில் பிறந்தவர். லண்டனில் படித்தார். 1972-லிருந்து பரோடாவில் நுண்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1990-ல் இறந்தார். கட்டட வரைபடம் போடுபவர்களின் கருவிகளை வைத்துக்கொண்டு பென்சிலாலும் மையாலும் கோடுகள் இழுத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடுகள் நெருங்கி, விலகி, காகிதத்தின் ஓரத்தில் மூச்சு வாங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

முதலில் ஏலத் தளங்கள். ஒரு படைப்பை அடையாளம் காண அங்கே தலைப்பும் ஆண்டும் பெரிதும் உதவும். நஸ்ரீனோ பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. 'தலைப்பிடாதது' என்றே வரிசையாக வந்தால் எது எந்தக் காலத்துப் படம் என்று எப்படிப் பிரிப்பது? தவிர, பொது ஏலத்தில் போனது மட்டும்தான் இங்கே கணக்கு. காலரியில் கைமாறியதும் அருங்காட்சியகம் நேரடியாக வாங்கியதும் வராது. படத்தை விற்கப்போகிறவர் சந்தா கட்டிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

ஆர்ட்ஃபேக்ட்ஸ் கொஞ்சம் சுவாரசியமான ஆள். 2001-ல் தொடங்கியது. அதற்கும் முன்னோடி உண்டு: 1970-லேயே வில்லி போன்கார்ட் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 'குன்ஸ்ட்கொம்பாஸ்' என்ற பட்டியலை வெளியிட்டார். விலையை வைத்து அல்ல, எந்த அருங்காட்சியகம் காட்டியது, எந்தப் பத்திரிகை எழுதியது என்று பார்த்துப் புள்ளி போட்டார். ஆர்ட்ஃபேக்ட்ஸ் அதையே கணினியிடம் விட்டது. பெரிய இடத்தில் காட்டினால் பெரிய புள்ளி. சரி, எது பெரிய இடம்? பெரிய ஓவியர்கள் இருக்கும் இடம்தான். ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவருக்குத்தான் அடுத்த கல்யாணப் பத்திரிகையும் வரும் என்பதுபோல. வார்ஹோலும் பிக்காஸோவும் வருடக்கணக்கில் உச்சியில் உட்கார்ந்திருந்ததற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இருந்தாலும் நஸ்ரீன் விஷயத்தில் இந்த முறைதான் ஒரு உண்மையைப் பளிச்சென்று காட்டும். 2007-ல் ஜெர்மனியின் காஸெல் நகரில் டாக்குமென்டா 12 என்ற பெரிய கலைக் கண்காட்சி, 2014-ல் டேட் லிவர்பூல் அருங்காட்சியகம், 2015-ல் மாட்ரிட் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம், 2016-ல் நியூயார்க்கில் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் திறந்தபோது தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று. அவருடைய சர்வதேச வாழ்க்கை அவர் இறந்த பிறகுதான் வேகம் எடுத்திருக்கிறது! விலைப்பட்டியலைப் பார்த்தால் இந்தப் பயணம் தெரியாது.

ஆனால் ஏன் அப்படி நடந்தது? அதற்கு மூன்றாவது இடத்துக்குத்தான் போக வேண்டும். ஏஷியா ஆர்ட் ஆர்கைவ் 2000-ல் ஹாங்காங்கில் தொடங்கியது. இணையத்தில் இருப்பதை இலவசமாகப் பார்க்கலாம். நஸ்ரீனைப் பற்றி எழுதிய விமர்சகர் கீதா கபூரும் ஓவியர் விவான் சுந்தரமும் சேர்த்துவைத்த ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. பரோடா ஓவியர்கள் ஜோதி பட், குலாம் முகமது ஷேக், கே.ஜி. சுப்ரமணியன் ஆகியோரின் ஆவணங்களும் உண்டு. ஒரு ஓவியருக்காக யார் பேசினார்கள், யார் எழுதினார்கள் என்பது இப்படிப்பட்ட காகிதங்களில்தான் கிடைக்கும். தேட நேரம் பிடிக்கும். ஒரு மாலை முழுக்கப் போய்விடும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைத்தான் எடுப்பேன். ஆர்ட்ஃபேக்ட்ஸை ஆண்டுகளைச் சரிபார்க்க மட்டும் திறப்பேன்.

அப்புறம் ஒன்று. நம் ஊர் ஓவியர்களைத் தேடுகிறவர்கள் எந்தத் தளத்திலும் ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். கே.எம். ஆதிமூலத்தின் பெயரை ஆங்கிலத்தில் 'ஹெச்' சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் காணாமலே போகும். எல்லா விதமாகவும் அடித்துப் பாருங்கள்.