லிஃப்டர் மாற்றியபின் வால்வு செட்டிங்: மூன்று வழிகளில் எதை நம்பலாம்?

புஷ் ராடு வகை எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டின் மேடு (லோப்) லிஃப்டரை உயர்த்த, லிஃப்டர் புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ள, அது ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலைச் சாய்த்து வால்வைத் திறக்கிறது. அப்படிப்பட்ட வி8 எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டையும் 16 ஹைட்ராலிக் லிஃப்டர்களையும் வீட்டிலேயே மாற்றுபவர், ராக்கர் ஆர்ம்களைத் திரும்பப் பூட்டும் கட்டத்தில் ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே ராக்கர் நட்டை முடுக்குவது ஒரு வழி. முதல் சிலிண்டரை டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு) கொண்டுவந்து பாதி வால்வுகளை ஒரேயடியாகச் செட் செய்துவிட்டு, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மீதிப் பாதியை முடிப்பது இரண்டாவது வழி. ஒவ்வொரு சிலிண்டராக எடுத்துக்கொண்டு, எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) திறக்கத் தொடங்கும்போது இன்டேக்கையும் (காற்று உள்ளே வரும் வால்வையும்), இன்டேக் மூடும் தறுவாயில் எக்ஸாஸ்ட்டையும் செட் செய்வது மூன்றாவது வழி. செவ்ரலே ஸ்மால் பிளாக் எஞ்சின் ஒன்றில் இந்த வேலையைச் செய்தபோது நான் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மறுபடி செய்ய நேர்ந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். ராக்கர் போல்ட்டைக் குறிப்பிட்ட டார்க்கில் முடுக்குவதோடு வேலை முடிந்துவிடும் எஞ்சின்களுக்கு இந்த அலசல் பொருந்தாது. அவற்றில் அளவு ஒத்துவராவிட்டால் புஷ் ராடின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்று வழிகளின் நோக்கமும் ஒன்றே. ராக்கருக்கும் புஷ் ராடுக்கும் இடையிலான ஆட்டம் சரியாக மறையும் இடத்தை, அதாவது பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நட்டைக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கி, லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு உருளையைச் சற்றே உள்ளே அழுத்தி வைக்கிறோம். இந்த அழுத்தம் குறைந்தால் டிக் டிக் என்று சத்தம் வரும். அளவுக்கு மீறினால் வால்வு அதன் சீட்டில் முழுமையாக உட்காராமல் கம்ப்ரஷன் குறைந்து, நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும்.

எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் முறைக்குப் பழைய மெக்கானிக்குகளிடையே நல்ல மதிப்பு உண்டு. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாத குறைந்த வேகத்தில்) ஓடும்போது நட்டைத் தளர்த்திச் சத்தம் வரவைத்து, சத்தம் நிற்கும் இடம்வரை முடுக்கி, பிறகு கால் கால் சுற்றாக, ஒவ்வொரு முறையும் எஞ்சின் சீராகும்வரை பொறுத்து முடுக்குவார்கள். லிஃப்டரில் உண்மையான எண்ணெய் அழுத்தம் இருக்கும் நிலையில் செய்வதால் காது தரும் தீர்ப்பு தெளிவாகவே இருக்கும். ஆனால் ராக்கரிலிருந்து தெறிக்கும் சூடான எண்ணெய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் புகையும், சில சமயம் தீயும்கூடப் பற்றும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: ரோலர் இல்லாத தட்டை அடி லிஃப்டர்களைப் புதிய கேமுடன் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடனேயே எஞ்சினை ஏறக்குறைய 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில், வேகத்தைச் சற்றே ஏற்றி இறக்கியபடி 20 நிமிடம் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஐடிலில் விட்டால் கேம் லோப்பின்மேல் தெறிக்கும் எண்ணெய் போதாமல் லோப் தேய்ந்துவிடும். ஐடிலில் நிற்கவே கூடாத எஞ்சினில், ஐடிலில் செய்ய வேண்டிய செட்டிங்கை எப்படிச் செய்வது? எனவே புதிய லிஃப்டருக்கு முதல் செட்டிங்காக இந்த முறையை நான் ஏற்பதில்லை. ரோலர் லிஃப்டருக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஆனால் என் கைப்பழக்கம் பெரும்பாலும் தட்டை அடி லிஃப்டர்களில்தான் என்பதால், அங்கே இந்த முறை எவ்வளவு வசதியாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆகவே உண்மையான போட்டி, நிறுத்திவைத்துச் செய்யும் இரண்டு முறைகளுக்கு இடையில்தான். இதில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: நட்டை முடுக்கும் அந்த நேரத்தில் லிஃப்டர் கேம் லோப்பின் மேட்டில் நிற்கிறதா, வட்டமான அடிப்பகுதியில் நிற்கிறதா? மேட்டின் தொடக்கச் சரிவில் சிறிதளவு ஏறியிருந்தாலும் நமக்குக் கிடைக்கும் பூஜ்ஜியம் பொய்யானது. லிஃப்டர் கீழே இறங்கியதும் அந்த அளவுக்கு ஆட்டம் திரும்ப வந்துவிடும்.

இரண்டு நிலை முறையில், ஸ்மால் பிளாக்கின் முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சி நிலையில்) இருக்கும்போது 1, 2, 5, 7 இன்டேக் வால்வுகளையும் 1, 3, 4, 8 எக்ஸாஸ்ட் வால்வுகளையும் செட் செய்கிறோம். ஆறாவது சிலிண்டர் அதே நிலைக்கு வந்ததும் மீதி எட்டையும் முடிக்கிறோம். 1-8-4-3-6-5-7-2 என்ற ஃபயரிங் ஆர்டரை (சிலிண்டர்களில் தீப்பற்றும் வரிசையை) வைத்து ஒவ்வொரு பிஸ்டனும் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலவீனம் தெரியும். முதல் நிலையில் மூன்றாவது சிலிண்டர் இன்டேக் ஸ்ட்ரோக்கின் நடுவில் இருக்கிறது; அதன் எக்ஸாஸ்ட் வால்வு மூடிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கிறது. ஐந்தாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் நடுவில் இருக்கிறது. அதன் இன்டேக் வால்வு இன்னும் சற்று நேரத்தில் திறக்கப்போகிறது. சாதாரண ஸ்டாக் கேமில் இந்த இடைவெளி போதும். கம்பெனி மேனுவல் இந்த முறையைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும் பெர்ஃபாமன்ஸ் கேம் போட்டிருந்தால், அல்லது பழைய ஹார்மானிக் பேலன்சரின் (கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரத்தின்) ரப்பர் நழுவி வெளிவளையத்தில் உள்ள டிடிசி கோடும் இடம் மாறியிருந்தால், அந்தக் கொஞ்ச இடைவெளியும் கரைந்துபோகும்.

மூன்றாவது முறையில் இந்தக் கவலைக்கு இடமே இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தில், அதே சிலிண்டரின் இன்டேக் வால்வு மூடி, கிராங்கின் அரைச் சுற்றுக்கு மேல் ஆகியிருக்கிறது. அது மறுபடி திறக்க இன்னும் அரைச் சுற்றுக்கு மேல் இருக்கிறது. அதாவது லிஃப்டர் வட்டப் பகுதியின் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. எந்தக் கேமாக இருந்தாலும், டிடிசி கோடு எங்கே இருந்தாலும், ஃபயரிங் ஆர்டர் நினைவில் இல்லாவிட்டாலும், கண்ணுக்கு முன்னால் இருக்கும் ராக்கரே அதைச் சொல்லிவிடுகிறது. 16 வால்வுக்கும் திரும்பத் திரும்பக் கிராங்கைச் சுற்ற வேண்டும் என்பதால் நேரம் அதிகமாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டால் சுற்றுவது எளிது. இந்தக் கூடுதல் நேரத்தை நான் செலவாகவே கருதுவதில்லை, ஏனெனில் வால்வு கவரை மூடியபின் சந்தேகத்தால் மறுபடி திறப்பதுதான் உண்மையான நேர விரயம்.

பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிப்பதில் விரல்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். புஷ் ராடை விரல்களால் உருட்டிக்கொண்டே நட்டை முடுக்கி, உருட்டல் இறுகும் இடத்தைப் பூஜ்ஜியம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புதிய லிஃப்டருக்குள் எண்ணெய் அழுத்தம் இன்னும் ஏறாத நிலையில் பிளஞ்சரைத் தாங்குவது ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே; எண்ணெய்ப் பசையுள்ள விரலுக்கு இறுக்கம் தெரிவதற்குள் அந்த ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கத் தொடங்கியிருக்கும். எனவே புஷ் ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்பதே நல்லது. ராக்கரின் குழியில் அது மோதும் சிறு தட்டல், நட்டை மெல்ல முடுக்க முடுக்கக் குறைந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அதுதான் பூஜ்ஜியம்.

அங்கிருந்து எத்தனை சுற்று என்பதற்கு லிஃப்டர் தயாரிப்பாளர் சொல்வதே முடிவு. நான் அரைச் சுற்று வைத்தேன், பழைய கம்பெனி மேனுவல்கள் ஒரு முழுச் சுற்றுகூடச் சொல்கின்றன. சுற்றை எண்ணும்போது ஸ்டட்டின் (ராக்கர் நட்டு ஏறும் மரைத்தண்டின்) மரையையும் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 24 மரை உள்ள 3/8 ஸ்டட்டில் ஒரு சுற்றுக்கு நட்டு 1.06 மி.மீ. இறங்கும், அங்குலத்துக்கு 20 மரை உள்ள 7/16 ஸ்டட்டில் 1.27 மி.மீ. இறங்கும். ராக்கர் நெம்புகோலாக இயங்குவதால் புஷ் ராடு பக்கம் இதைவிட அதிகமாக அமுங்கும். ஆகவே ஸ்டட் மாறினால் அதே அரைச் சுற்று அதே அளவைத் தருவதில்லை.

எல்லாம் முடிந்தபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றாவது சுற்றி, எங்கும் தடை இல்லை என்று உறுதிசெய்துகொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். 20 நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் ஏதாவது ஒரு வால்வில் மட்டும் தட்டல் கேட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஓடவிட்டுச் செய்யும் முறையை நானும் பயன்படுத்துவேன். கேம் ஏற்கெனவே பதம் அடைந்துவிட்டதால் அப்போது ஐடிலில் விடுவதற்குத் தடை இல்லை, திறந்திருக்கும் பக்கத்தில் எண்ணெய் மேனிஃபோல்டில் வழியாதபடி மறைப்பு வைத்துக்கொண்டால் போதும்.