நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தொட்டியா, குளமா?

கடும் வறட்சியில், இலங்கையின் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவின் கட்டைக்குதிரைகள் குடிக்கத் தண்ணீரில்லாமல் சாகின்றன. வெட்டவெளியில் தம்பாட்டில் திரிபவை என்பதால் தண்ணீர் காட்டவும் ஆளில்லை. உதவ நினைப்பவர்கள் தொட்டி வைப்பதா, குளம் தூர்வாருவதா என்று தடுமாறுகிறார்கள்.

செலவு:
தொட்டி மலிவு, ஆனால் பவுசரில் (தண்ணீர் லாரியில்) வரும் தண்ணீருக்குத் தினமும் காசு வேண்டும்.
குளத்துக்கு ஒருமுறை பெருஞ்செலவு, அப்புறம் மாரி மழை நிரப்பும்.

வேகம்:
தொட்டி அன்றைக்கே உதவும்.
குளம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் காத்திருக்கும்.

ஆபத்து:
தொட்டியடியில் மந்தை முழுதும் கூடும். சுற்றியுள்ள புல் தீரும், பலமான குதிரைகள் குட்டிகளை விரட்டும்.
குளத்தில் கவனிக்க வேண்டியது ஆழம். இது சுண்ணக்கல் தீவு. நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உவர் மேலேறி, இருந்த குளமும் கெடும். வண்டலை மட்டும் அள்ளுங்கள். கரையைச் சரிவாக விடுங்கள், இல்லாவிட்டால் நலிந்த குதிரை இறங்கினால் ஏறாது.

ஆவணியில் குளங்கள் வற்றிவிட்டால் யோசிக்காமல் தொட்டி வையுங்கள். அடுத்த கோடைக்கு என்றால் குளம்தான். ஒன்றுக்கு மட்டுமே காசு இருந்தாலும், அவசரமில்லையென்றால், நான் குளத்தையே சொல்வேன். பறவைகளும் அங்கேதான் குடிக்கின்றன.