முன் லொக்கர் வாங்க முதல் முன் அக்சிலைப் பாருங்கள்

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் முன் டிஃபுக்கு (முறுக்கை இரு சில்லுகளுக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) லொக்கர் (இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) தேடி வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது "எயாரா, எலெக்ட்ரிக்கா?" என்றுதான். அதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முன் சில்லுகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, முழு முறுக்கும் ஒரு பக்கத்துக்கே போகும்போது இந்த அக்சிலில் முதலில் உடையப்போவது எது?

சாதாரண டிஃப் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு சேற்றில் சும்மா சுழன்றால் மற்றதுக்கும் அந்தச் சொற்ப முறுக்குத்தான் கிடைக்கும். வண்டி புதைவதற்குக் காரணம் இதுதான். சி.வி. ஜொயின்ட் (திரும்பும் முன் சில்லுக்கு முறுக்கைக் கடத்தும் மூட்டு) இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்ததற்கும் இதுவேதான் காரணம். லொக்கர் போட்டதும் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். பின் அக்சிலில் ஷாஃப்ட் நேராக ஓடுகிறது, தாங்கும். முன்னால் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியிருக்கும்போது ஜொயின்ட்டின் குண்டுகள் கூட்டின் விளிம்பில் நின்று சுமை தாங்குகின்றன. பெரிய டயர், லோ கியர், முழுத் திருப்பம், பூட்டிய டிஃப் நான்கும் சேர்ந்தால் ஜொயின்ட் வெடிக்கும்.

எந்த அக்சில்?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே ஒஃப் ரோட் பாவனைக்குப் பழைய வண்டிகளையே திரும்பத் திரும்பக் கட்டியெழுப்புகிறோம். அதில் ஒரு நன்மையும் உண்டு: பழையவற்றில் பலவற்றுக்குச் சொலிட் (இரு சில்லுகளையும் ஒரே உறுதியான குழாயாக இணைக்கும்) முன் அக்சில்.

ஹைலக்ஸ் எல்.என்.106 டபுள் கெப்பில் முன்னும் பின்னும் ஒரே இன 8 அங்குல டிஃப். சாமான் தேடுவது சுலபம். ஆனால் முன்பக்கம் வைக்கும்போது பினியன் (டிஃபைச் சுழற்றும் சிறு பற்சக்கரம்) கிரவுன் வீல் (அது தள்ளும் பெரிய பற்சக்கரம்) பற்களின் பலவீனமான முகத்தில்தான் தள்ளுகிறது. லாண்ட் குரூசர் 80, 105 சீரிஸ்களின் முன் டிஃபும் 8 அங்குலந்தான். ஆனால் அதில் பினியன் உயரமாக இருக்கிறது, பற்களும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. அதனால் முன்னோக்கி இழுக்கும்போது பலமான முகம் வேலை செய்யும். றிவர்ஸில் நிலைமை தலைகீழ். சேற்றில் இறுகிய வண்டியை முன் லொக் போட்டு றிவர்ஸில் உறுமி எடுப்பதுதான் இந்த டிஃபைக் கொல்லும் வழி. 105இன் லொக் இல்லாத முன் டிஃபில் உள்ளே முறுக்கை இரு பக்கமும் பகிரும் சிறு ஸ்பைடர் கியர்கள் இரண்டே இருக்கின்றன. அந்த வண்டிக்கு முழு எயார் லொக்கர் போட்டால் அவற்றைத் தாங்கும் பழைய டிஃப் கூடும் மாறுகிறது, டிஃப் முன்பைவிடப் பலமாகிறது.

நிசான் பட்ரோல் வை 60, வை 61 இரண்டிலும் எச்233 டிஃப் முன்னால் வருகிறது. கிரவுன் வீல் 233 மி.மீ. இந்தப் பட்டியலில் லொக்கரின் சுமையைக் கவலையின்றித் தாங்குவது இது ஒன்றுதான் என்பேன். டிஃபெண்டரின் ரோவர் டிஃப் அதற்கு நேர் எதிர். அதற்கு லொக்கர் போடுபவர் ஹாஃப் ஷாஃப்ட்டையும் சி.வி.யையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. ஜிம்னி அக்சில் மெல்லியது, ஆனால் வண்டியே ஏறக்குறைய 1,100 கிலோதான். டயரை அளவோடு வைத்தால் போதும்.

இனி ஐ.எஃப்.எஸ். (முன் சில்லுகள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன்) வண்டிகள்: விகோ, பிராடோ, எல்200. சில்லு மேலும் கீழும் போகும் தூரம் குறைவு, அதனால் முன் சில்லு அடிக்கடி அந்தரத்தில் தொங்கும். லொக்கரின் பயன் இங்கேதான் அதிகம், சி.வி.யும் இங்கேதான் மெல்லியது. 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்திய வண்டியில் ஷாஃப்ட் ஏற்கனவே சரிந்து நிற்கும், பூட் கிழியும். அப்படிப்பட்ட வண்டிக்கு லொக்கருக்கு முதல் உயரத்தைக் குறைக்க வேண்டும். ஐ.எஃப்.எஸ்.ஸைக் கழற்றிவிட்டுச் சொலிட் அக்சில் ஏற்றும் யோசனை எனக்குப் பிடிக்காது. ஸ்டியரிங் கோணங்கள், பிரேக், புரொப் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் பதில் சொல்லவும் வேண்டும். அந்தக் காசுக்குச் சொலிட் அக்சிலோடு வந்த வண்டியையே வாங்கலாம்.

பாவித்த அக்சில் வாங்கும்போது டிஃப் குடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அக்சில்களுக்கு முறுக்கைப் பிரிக்கும் பெட்டி) முன் வெளியீடு அதே பக்கம் இருக்க வேண்டும். அடுத்தது கியர் விகிதம். கடைக்காரர் 4.10 என்பார். அதை அங்கேயே சரிபார்க்கலாம். அக்சிலைக் கட்டையில் வைத்து, ஹப்பை லொக் நிலையில் விட்டு, ஒரு பக்கத்தை ஒருவர் அசையாமல் பிடிக்க, மறுபக்கத்தை 20 தடவை சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்பதால் கிரவுன் வீல் 10 சுற்றுத்தான் சுற்றும். பினியன் ஃபிளாஞ்சில் சோக்கால் கோடு போட்டு எண்ணினால் 41 சுற்று வர வேண்டும். 43 வந்தால் அது 4.30. முன்னும் பின்னும் விகிதம் வேறுபட்டால் தார் றோட்டில் ஃபோர் வீல் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் திணறும்.

எந்த லொக்கர்?

ஆகக் குறைந்த செலவு லொக் ரைட், ஒஸி லொக்கர் போன்றவை. பழைய டிஃப் கூட்டுக்குள்ளேயே ஸ்பைடர் கியர்களை எடுத்துவிட்டு வைப்பவை. கிரவுன் வீல் அமைப்பைத் தொடத் தேவையில்லை, கியர் வேலை தெரிந்த மெக்கானிக் தேவையில்லை. பலவீனம் என்னவென்றால் கூடு பழையதாகவே இருக்கும். கூடு தேய்ந்திருந்தால் உள் இடைவெளி கூடிப் பற்கள் தாவும். டெட்ரொயிட் லொக்கர் முழுக் கூட்டோடு வருவதால் அதைவிடப் பலமானது. இரண்டும் தானாகப் பூட்டுபவை. அக்சிலறேட்டரை மிதித்தால் பூட்டும், வளைவில் கால் எடுத்தால் வெளிச் சில்லு விடுபடும்.

ஃப்ரீவீல் ஹப் (முன் சில்லை ஷாஃப்ட்டிலிருந்து விடுவிக்கும் பூட்டு) உள்ள எல்.என்.106இல் ஹப்பை ஃப்ரீ நிலையில் விட்டால் கொழும்புக் காலி வீதியில் எதுவும் தெரியாது. எப்போதும் நான்கு சில்லும் ஓடும் டிஃபெண்டர், 80 போன்றவற்றில் முன்னால் இதை வைக்கவே கூடாது. மழை நாளில் ஸ்டியரிங் கையை இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் நிலத்துக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நக்கிள்ஸ் மலைப் பக்கமோ தெரணியகலைத் தேயிலைத் தோட்ட வழிகளிலோ ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே சரிந்த செம்மண் களி. அங்கே முன் சில்லு இரண்டும் ஒன்றாகச் சுழன்றால் இரண்டும் பிடி இழந்து, மூக்கு பள்ளப் பக்கம் வழுக்கும். திறந்த டிஃபில் ஒரு சில்லு சுழன்றாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். ஆகவே நினைத்தபோது சுவிட்சால் கழற்றக்கூடிய லொக்கர் மட்டுமே முன் அக்சிலுக்குத் தகும். கொண்டை ஊசி வளைவுக்கு முதல் கழற்றி, நேரானதும் போடுவது பழகிவிடும்.

கழற்றக்கூடியவற்றில் ஏ.ஆர்.பி. எயார் லொக்கர் 1987 முதல் சந்தையில் இருக்கிறது. பூட்டினால் முழுப் பூட்டு, இரு திசையிலும். குறை லொக்கரில் இல்லை, குழாயிலும் ஓ-ரிங்கிலும் இருக்கிறது. காற்றுக் குழாய் எக்ஸோஸ்டைத் தொட்டு உருகும், சில்லு அசைவில் இழுபட்டு அறும். சொலினொய்டில் ஒயில் துப்பினால் முதலில் டிஃபில் ஒயில் மட்டம் கூடவா என்றும் பிரீதர் (டிஃபுக்குள் காற்று போய்வரும் குழாய்) அடைபட்டதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால்தான் ஓ-ரிங்.

ஈட்டன், ஹரொப் எலெக்ட்ரிக் லொக்கர்களில் கொம்ப்ரெசர் வேண்டாம், ஒரு வயர் போதும். வெளியேறும் அந்த வயர்தான் பலவீனமான இடம். கல் பட்டு அறுந்தால் அங்கே நின்று பொருத்துவது சிரமம். றிவர்ஸ் போடும்போது ஒரு கணம் விடுபட்டு மறுபடி பூட்டும். முன்னும் பின்னும் ஆட்டி வண்டியை எடுக்கும்போது அந்த அடி சி.வி.க்குப் போகிறது. டயருக்குக் காற்றடிக்க எப்படியும் கொம்ப்ரெசர் வாங்குவீர்கள் என்றால் எயார் லொக்கரே மேல்.

டொயோட்டா தொழிற்சாலை லொக்கரோடு 80 சீரிஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாவிக்காமல் விட்டால் அதன் மோட்டார் துருப்பிடித்து இறுகும், ஆகவே மாதம் ஒருமுறை புல்வெளியில் போட்டுக் கழற்றுங்கள். அதன் சுவிட்சைக் கவனியுங்கள்: முதலில் பின், அடுத்தது முன்னும் பின்னும். முன் மட்டும் பூட்டும் நிலையே கிடையாது.

ட்ரூட்ராக் போன்ற கியர் வகை எல்.எஸ்.டி. (முழுதாகப் பூட்டாமல் சில்லு சுழல்வதைக் குறைக்கும் டிஃப்) மண்ணிலும் மழைத் தாரிலும் இனிமையானது, ஸ்டியரிங்கைக் குழப்பாது. சில்லு அந்தரத்தில் தொங்கினால் மட்டும் கைவிடும், மெல்ல பிரேக் மிதித்தால் ஓரளவு பிடிக்கும். எப்போதும் நான்கு சில்லும் ஓடும் வண்டியில் பாதி நாள் நகரத்தில் ஓடுபவருக்கு இது நியாயமான தெரிவு.

பொருத்தும்போது

முழுக் கூட்டு லொக்கர் என்றால் கிரவுன் வீலை மறுபடி அமைக்க வேண்டும். டொயோட்டா 8 அங்குலத்தில் பற்களுக்கிடையிலான தளர்வு (பாக்லாஷ்) 0.13 முதல் 0.18 மி.மீ. வரை. டயல் கேஜ் இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பெயாரிங் மூடிகள் கழற்றிய பக்கத்திலேயே திரும்பப் போக வேண்டும், கழற்ற முதல் பஞ்ச் உளியால் குறி போடச் சொல்லுங்கள். பற்களில் நிறம் பூசிச் சுற்றி, பதிந்த அடையாளத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். நல்ல ஆள் தயங்கமாட்டார்.

நக்கிள் (முன் சில்லு திரும்பும் பந்து மூட்டுக் கூடு) திறந்த அதே நாளில் உள் ஒயில் சீலையும் கிங்பின் பெயாரிங்கையும் மாற்றிவிடுங்கள். நக்கிள் பந்தின் வெளிவிளிம்பில் சாம்பல் நிறக் குழம்பு வழிந்தால், டிஃப் ஒயில் உள் சீலைத் தாண்டி மொலி கிறீஸைக் கரைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஜொயின்ட் லொக்கரோடு நிற்காது. பிரீதர் குழாயை இஞ்சின் அறை வரை உயர்த்துங்கள். சூடான டிஃப் ஆற்றில் இறங்கிக் குளிரும்போது அடைபட்ட பிரீதர் சீல் வழியே தண்ணீரை இழுக்கும், ஒயில் பால் நிறமாகும்.

காசு அளவாக இருந்தால் முதலில் நல்ல டயர், அடுத்தது பின் லொக்கர், மூன்றாவது முன் சி.வி. ஜொயின்ட், நான்காவதே முன் லொக்கர். பயணத்தில் ஒரு பக்கச் சி.வி., சேர்க்ளிப், ஹப் கஸ்கெட், காற்றுக் குழாய் இணைப்பு ஒன்று வண்டியில் இருக்கட்டும். புதிய கியரோடு முதல் 800 கிலோமீட்டரில் ஒயிலை வடித்துப் பாருங்கள். காந்த மூடியில் மெல்லிய சாம்பல் பசை சாதாரணம். விரலில் தட்டுப்படும் துகள் என்றால் அன்றே திறக்க வேண்டும்.