பேப்பர் நகை: க்வில்லிங்கா, அட்டையா, கூழா?

ஸ்கூல் ஃபேன்சி டிரஸ், ஆன்வல் டே, ஏரியால போடற நாடகம், எதுவா இருந்தாலும் ராணி வேஷம் அம்மன் வேஷம்னு வந்துட்டா நகைக்கு எங்க போறதுன்றது தான் மொத பேஜாரு. வாடகைக்கு எடுக்கலாம் தான், ஆனா அஞ்சு வயசு புள்ள இடுப்புக்கு ஒட்டியாணம் கெடைக்காது, ஒரு கல்லு விழுந்தாலும் அட்வான்ஸ்ல கைய வெச்சிருவாங்க. அதனால பேப்பர்லயே செஞ்சிக்கலாம்னு எறங்கறவங்களுக்கு முன்னாடி க்வில்லிங் (மெல்லிசு பேப்பர் பட்டைய சுருட்டி ஒட்டறது), அட்டை மேல நூல் வேலை, காகிதக் கூழ், சுருட்டுன மணின்னு நாலு வழி இருக்கு. வீடியோல பாத்தா நாலும் சூப்பர் மாதிரி தான் தெரியும். எவ்ளோ தூரத்துலர்ந்து பாக்கப் போறாங்கன்றத வெச்சி தான் நான் பிரிப்பேன்.

க்வில்லிங் கிட்டக்க பாக்கறதுக்கு சோக்கா இருக்கும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா 3 மில்லிமீட்டர் அகல ஸ்ட்ரிப்ப சுத்தி சுத்தி பண்ண பூவும் இலையும் மூணாவது வரிசைல ஒக்காந்திருக்கறவங்களுக்கு வெறும் கலர் திட்டா தான் தெரியும். அத்தன மணி நேரம் ஒக்காந்து நெக்லஸ் சுத்தறது மேடைக்கு வேஸ்ட்டு. ஜிமிக்கி மட்டும் விதிவிலக்கு, அதுல க்வில்லிங்க அடிச்சிக்க முடியாது. ஸ்ட்ரிப்பு நாலஞ்ச ஒன்னோட ஒன்னு ஒட்டி நீட்டமாக்கி டைட்டா வட்டமா சுத்தி, நடுவுல கட்டை விரலால மெதுவா அமுக்கிக்கிட்டே வந்தா கிண்ணம் மாதிரி கெளம்பி வரும். அந்த நிமிஷமே உள்பக்கம் ஃபெவிகால் தடவிரணும். இல்லன்னா காயறதுக்குள்ள நடுவு பிதுங்கி நூடுல்ஸா வெளிய வந்துரும். எடையே இருக்காது, புள்ளைங்க காதுக்கு அது ரொம்ப முக்கியம்.

என் ஓட்டு அட்டைக்கு தான். அட்டைன்னா எல்லா அட்டையும் இல்ல. வீட்டுக்கு பார்சல் வர்ற பொட்டில வரி வரியா இருக்கும்ல, அது கோல்டு பெயின்ட் அடிச்சதும் வரி அப்படியே காட்டிக் குடுத்துரும். ஸ்வீட் பாக்ஸ், சட்டை வர்ற பாக்ஸ் நல்லது, வளையணும்னா அது தான். வளையத் தேவையில்லாத பதக்கம், கிரீடத்து முன்பக்கம் இதுக்கெல்லாம் தினசரி காலண்டர் கிழிச்சி முடிச்சப்பறம் மிஞ்சற அட்டைய தாராளமா எடுக்கலாம். நெறைய பேருக்கு செய்யறதா இருந்தா சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் போயி ஆண்டர்சன் ஸ்ட்ரீட் பேப்பர் கடைங்கள்ல ஷீட்டா வாங்கிக்கலாம். இன்னொன்னு, அட்டைக்கு ஒரு போக்கு உண்டு. ரெண்டு பக்கமும் லேசா வளைச்சி பாருங்க, ஒரு பக்கம் ஈஸியா வளையும், இன்னொரு பக்கம் மொரண்டு பிடிச்சி மடிப்பு விழும். ஒட்டியாணம், மேல் கைக்கு போடற வங்கி எல்லாம் ஈஸியா வளையற பக்கம் பாத்து தான் வெட்டணும், இத வீடியோல யாரும் சொல்றதில்ல.

வெட்டுனதுக்கு அப்பால டிசைன பென்சில்ல போட்டு அது மேல ஃபெவிகால் கோடு இழுத்து ட்வைன் நூல வெச்சி அமுக்குங்க. காஞ்சதும் தண்ணி கலந்த ஃபெவிகால தடவி மேல ஒரு டிஷ்யூ பேப்பர போத்தி பிரஷ்ஷால குத்தி குத்தி நூல் இடுக்குல எறக்குனா நூலும் அட்டையும் ஒரே உடம்பாயிரும், அச்சுல வார்த்த மாதிரி தெரியும். உடனே கோல்டு அடிக்காதீங்க, வெள்ளைப் பேப்பர் மேல நேரா அடிச்சா வெளிறிப் போயி மஞ்சளா நிக்கும். மொத காவி இல்லன்னா சாக்லேட் கலர், அது காஞ்சதும் பாதி காஞ்ச பிரஷ்ல கோல்டு. பள்ளத்துல இருட்டு நிக்கும் மேட்டுல மின்னும், பழைய கோயில் நகை லுக்கு வந்துரும். கல்லுக்கு காசு செலவு பண்ணாதீங்க, சாக்லேட் சுத்தி வர்ற சிவப்பு பச்ச ஜிகினா பேப்பரே போதும், கொஞ்சம் கசக்கி ஒட்டுனா லைட்டு நல்லா அடிக்கும். தெருக்கூத்து கிரீடத்துலயும் தோள்ல கட்டற புஜக்கட்டைலயும் சின்ன சின்ன கண்ணாடி பதிக்கறதும் தூரத்துல இருக்கறவன் கண்ணுக்கு தான.

கூழ் வேலை நம்ம ஆயாங்களுக்கு புதுசே இல்ல, பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ஊற வெச்சி அரைச்சி மொறம் மெழுகுனவங்க அவங்க. வெந்தயம் சேத்தா பிடிப்பும் வரும், பூச்சியும் கிட்ட வராது. மைதா பசை போட்டா கரப்பானுக்கு விருந்து. அதுக்காக போஸ்டர் பசைல போடற மாதிரி மயில்துத்தம் கலந்துராதீங்க, அது விஷம், புள்ளைங்க போடற பொருள். உருண்டையான கிரீடம் வேணும்னா கூழ் தான் சரி, குடத்த கவுத்து எண்ண தடவி அது மேல வெச்சி எடுத்தா அந்த வளைவு அட்டைல வரவே வராது. பிரச்சனை என்னன்னா காயணுமே. குழந்தைகள் தினம் நவம்பர் 14, நம்மூருக்கு சரியா அடமழை டைம். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காத்து ஈரம் வேற. வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள நசநசன்னு இருந்து ஒரு வாட அடிக்கும் பாருங்க, அத தலைல வெச்சிக்கிட்டு எந்த புள்ள வசனம் பேசும்? கூழ் வேணாம், பேப்பர கையால கிழிச்சி பட்டை பட்டையா ஒட்டிக்கிட்டு வந்தா சீக்கிரம் காயும், எடையும் கம்மி. கத்திரில வெட்டாதீங்க, வெட்டுன ஓரம் தனியா தெரியும். மே மாசம்னா கூழே போடுங்க, மொட்ட மாடில கண்ண மூடிட்டு காயும்.

சுருட்டுன மணி பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. வழவழ மேகசின் பேப்பர நீட்ட முக்கோணமா வெட்டி ஊதுபத்தி குச்சில அகல பக்கத்துலர்ந்து சுருட்டணும், அடி அகலம் 2 சென்டிமீட்டர்னா மணி நீளமும் அதே தான். மாலைக்கு இத விட சீப்பா எதுவும் இல்ல, டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம். சத்தம் வராது, அது ஒன்னு தான் குறை.

நாலுலயும் எத எடுத்தாலும் வேர்வ தான் எமன். ஃபெவிகால் ஈரம் பட்டா எளகும், அதனால பின்பக்கமும் வார்னிஷ் அடிச்சிட்டு பழைய காட்டன் துணிய ஒட்டிருங்க. கயிற அட்டைல ஓட்ட போட்டு கட்டாதீங்க, புள்ள ஒரு தடவ குனிஞ்சி நிமிந்தா பிச்சிக்கும். அந்தத் துணியோட சேத்து நாடாவ தச்சிருங்க, பாவாட நாடாவே தாங்கும்.