கோர்ட்டுலேந்து பார்லிமென்ட் வரைக்கும் ஒரு வாக்கிங் டூர், அம்மாவோட போயிட்டு வந்தேன்

போன சனிக்கிழமை காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு வாக்கிங் டூர் போனேன். சிங்கப்பூர் பழைய உச்ச நீதிமன்றத்துல ஆரம்பிச்சு பழைய பார்லிமென்ட்ல முடியுது, ரெண்டரை மணி நேரம், ஆளுக்கு 38 வெள்ளி, மூத்தோருக்கு 30. வக்கீலா இருந்து அரசியலுக்கு வந்தவங்களைப் பத்தின டூர். கம்பெனி பேரு இங்க போடல, ரெண்டு மூணு குறையும் சொல்லப் போறேன், சின்ன ஆளுங்க நடத்துறது, அவங்க பொழப்புல கை வைக்க எனக்கு மனசில்ல.

எதுக்கு இந்த டூர்னா, எங்க தாத்தா இங்க போஸ்ட்மேனா இருந்தவரு. 1952 மே மாசம் தபால்காரங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க இல்லையா, அதுல தாத்தாவும் இருந்தாரு. அவங்க சங்கத்துக்கு சட்ட ஆலோசகரா நின்னது லீ குவான் இயூ, அப்போ அவரு லேகாக் அண்ட் ஓங்குங்கிற வக்கீல் ஆபீஸ்ல வேலை பார்த்த 28 வயசு வக்கீல், அரசியல்வாதியே கிடையாது. தாத்தா கடைசி வரைக்கும் அவரை பிரதமர்னு சொன்னதில்ல, "நம்ம வக்கீல்"னுதான் சொல்லுவாரு. அம்மா சின்ன வயசுலேந்து அதைக் கேட்டு வளந்தவங்க, இந்த டூர் இருக்குன்னு சொன்னதும் முட்டி வலியோட கிளம்பிட்டாங்க.

கைடு ஒரு சீன அங்கிள், வயசு அறுபதுக்கு மேல இருக்கும், வக்கீல் ஆபீஸ்ல கிளார்க்கா முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவராம். இந்த டூரோட பலமே அவருதான். பொறந்தாரு படிச்சாரு ஜெயிச்சாருன்னு ஒப்பிக்கிற ஆளு இல்ல, வக்கீல் தொழில் எப்படி நடக்கும், ஒரு பேப்பரை எப்படி எழுதுவாங்க, ஒரு வார்த்தை மாறினா என்ன ஆகும், அதெல்லாம் கையால தொட்டவரு பேசுற மாதிரி பேசுறாரு.

முதல்ல நேஷனல் கேலரி, அதாவது 1939ல கட்டி முடிச்ச பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம். கோர்ட் 2005ல பக்கத்துல புதுக் கட்டடத்துக்குப் போயிடுச்சு, 2015லேந்து இது ஓவியக் கூடம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். உள்ள அடிக்கல்லைக் காட்டினாரு, 1937ல வச்சது, அதுக்குக் கீழ அந்தக் காலத்து பேப்பரும் காசும் போட்ட பெட்டி இருக்கு, 3000ம் வருஷம்தான் திறக்கணுமாம். அப்புறம் கைதிங்களை விசாரணைக்கு முன்னாடி அடைச்சு வச்ச அறைங்க. பன்னெண்டு இருந்ததுல ரெண்டை மட்டும் அப்படியே வச்சிருக்காங்க. அம்மா உள்ள போயி சுவத்துல கையை வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. வெளிய வந்து, "இங்கேந்து மேல ஏறிப் போறவனுக்கு வக்கீல்தான்டா சாமி"ன்னாங்க. கைடுக்கு தமிழ் தெரியாது, நான் மொழிபெயர்த்தேன், அவரு தலையை ஆட்டிட்டு உடனே டேவிட் மார்ஷல் கதைக்குப் போயிட்டாரு.

மார்ஷல் பகுதி அருமை. பாக்தாத் யூதக் குடும்பம், லண்டன்ல மிடில் டெம்பிள்ங்கிற வக்கீல் சங்கத்துல சேந்து 1937ல வக்கீல் ஆனவரு, ஜப்பான்காரன் காலத்துல கைதியா ஹொக்கைடோ வரைக்கும் போயி வந்தவரு. கொலைக் கேஸ்னா மார்ஷலைப் பிடின்னு ஊரே சொல்லும். 1955 ஏப்ரல்ல முதல் முதலமைச்சர் ஆனாரு, ஆனா வெள்ளைக்கார அரசாங்கம் அவருக்கு ஒழுங்கா ஒரு ஆபீஸ்கூட கொடுக்கல. எம்பிரஸ் பிளேஸ் பக்கம் ஒரு மரம் இருந்துச்சு, பழைய ஆப்பிள் மரம்னு சொல்லுவாங்க, அதுக்கடியில மேசையைப் போட்டு உக்காந்துடுவேன்னு மிரட்டின பிறகுதான் படிக்கட்டுக்குக் கீழ சின்னதா ஒரு ரூம் கிடைச்சுது. சுயாட்சி கேட்டு லண்டன்ல நடந்த பேச்சுவார்த்தை தோத்ததும் சொன்ன சொல்லைக் காப்பாத்தி 1956 ஜூன்ல பதவியை விட்டுட்டாரு, மொத்தமே பதினாலு மாசம். 1969ல ஜூரி முறையை எடுக்கப் போறாங்கன்னு வந்தப்ப நாடாளுமன்றத் தேர்வுக் குழு முன்னாடி வந்து எதிர்த்து வாதாடினாரு. வாதாடியும் அது போயிடுச்சு. இதைச் சொல்லும்போது அங்கிள் குரல் கொஞ்சம் எறங்கிடுச்சு. எனக்கு அது பிடிச்சிருந்தது, மனசுல பட்டதைச் சொல்ற கைடு கிடைக்கறது கஷ்டம்.

எங்க குரூப்ல பதினாலு பேரு, அதுல ஒரு அமெரிக்கத் தம்பதி. இந்த மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன்னுங்கிறதெல்லாம் எங்க ஊரு சட்டக் கல்லூரி சங்கங்க மாதிரியான்னு அந்தம்மா கேட்டாங்க. அவங்க ஊருல ஃபை டெல்டா ஃபைன்னு ஒண்ணு, 1869ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்கூட அதுல உறுப்பினராம். அங்கிள் சொன்ன பதில் தெளிவா இருந்துச்சு. அமெரிக்காவுல அந்தச் சங்கத்துல சேராமலே வக்கீல் ஆகலாம், ஆனா இங்கிலாந்துல பாரிஸ்டர் ஆகணும்னா லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் இந்த நாலுல ஒண்ணுல சேந்தே ஆகணும், அந்தக் காலத்துல பரீட்சை மட்டும் போதாது, அங்க போயி டெர்முக்கு இத்தனை தடவைன்னு ராத்திரி சாப்பாடும் சாப்பிட்டாகணும்னு இருந்துச்சு, சாப்பாட்டுக் கணக்கு குறைஞ்சா பட்டம் கிடையாது.

காந்தி இன்னர் டெம்பிள்ல படிச்சப்ப நாலு பேருக்கு ரெண்டு பாட்டில் வைன் வைப்பாங்களாம், இவரு தொடமாட்டாருன்னு இவரை தங்க மேசைக்குக் கூப்பிட போட்டியாம். இதை அம்மாதான் சொன்னாங்க, பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் வந்துருக்கு, குரூப்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதே இன்னர் டெம்பிள்லதான் நேரு, அங்கதான் பிறகு மலேசியாவோட முதல் பிரதமர் ஆன துங்கு அப்துல் ரஹ்மான், விட்டு விட்டுப் படிச்சு 1949ல முடிச்சாரு. நம்ம சட்ட அமைச்சரா இருந்த இ. டபிள்யூ. பார்க்கரும் அதே இடம். லீயும் அவரு மனைவி குவா கியோக் சூவும் மிடில் டெம்பிள், மலேசியத் தலைவர் துன் ரசாக் லிங்கன்ஸ் இன். இப்படி வரிசையா கேக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது, மலாயாவையும் சிங்கப்பூரையும் சேத்தவங்க, பிரிச்சவங்க பாதிப் பேரு லண்டன்ல அந்த நாலு வாசல் வழியா வந்தவங்க.

இந்த டூர்ல ஒரே ஒரு இடத்துக்காகத்தான் காசு கொடுக்கலாம்னா அது சிட்டி ஹால் படிக்கட்டு. அங்க உக்கார வச்சுட்டு அங்கிள் பையிலேந்து பிளாஸ்டிக் உறை போட்ட நகல் காகிதங்களை எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாரு, சிங்கப்பூர் மலேசியாவுலேந்து பிரிஞ்ச 1965 பிரிவினை ஒப்பந்தம். எழுதுற பொறுப்பு சட்ட அமைச்சர் பார்க்கருக்கு. ஒப்பந்தம், அரசியல் சட்டத் திருத்தம், பிரகடனம் எல்லாம் ரகசியமா தயார் பண்ணணும், வெளிய மூச்சு விடக்கூடாது. எதிர்ப்பக்கம் துன் ரசாக், ராஃபிள்ஸ் காலேஜ் நாள்லேந்து பார்க்கருக்குப் பழக்கம். ஆகஸ்ட் 7 கோலாலம்பூர்ல கையெழுத்து, 9ம் தேதி காலை பத்து மணிக்கு ரேடியோவுல பிரகடனம். அதுல தண்ணி பத்தின பகுதியை எழுதினது குவா கியோக் சூ. மலேசியாவோட ஜொகூர் மாநிலத்தோட 1961லயும் 1962லயும் போட்ட தண்ணி ஒப்பந்தங்க பிரிஞ்ச பிறகும் செல்லும்னு மலேசிய அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்கிற மாதிரி வச்சாங்க. 1962 ஒப்பந்தம் 2061 வரைக்கும் ஓடும். அங்கிள் அந்தப் பத்தியை விரலால காட்டி ஒவ்வொரு சொல்லா நிறுத்திப் படிச்சு, இந்த வார்த்தை ஏன் இங்க இருக்கு, இது இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் என்ன வாதம் பண்ணுவான்னு விளக்கினாரு. என் பக்கத்துல பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், அதுவரைக்கும் ஃபோனையே பாத்துக்கிட்டு இருந்தவன், அதை உள்ள வச்சுட்டு காகிதத்தை வாங்கிப் படிச்சான். நாப்பது நிமிஷம் ஒரே இடத்துல உக்காந்திருந்தோம், யாரும் முனகல. அம்மா தண்ணி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிச்சுட்டு அந்தக் காகிதத்தை திரும்பக் கொடுக்க மனசில்லாம மடியிலயே வச்சிருந்தாங்க.

இனி குறைகளைச் சொல்றேன். காதுல மாட்டுற ரிசீவர் ரொம்ப மோசம், ரெண்டு தடவை மாத்திக் கொடுத்தும் கரகரன்னுது, ரோட்டோரம் பஸ் போறப்ப ஒண்ணுமே கேக்கல. அம்மா கடைசில அதைக் கழட்டிட்டு அங்கிள் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நடந்தாங்க. நடுவுல பாத்ரூம் போக சரியா நேரம் விடல, வயசானவங்க வர்ற டூர்ல இது பெரிய விஷயம்.

ரெண்டாவது, தகவல் பிழை. சிங்கப்பூரோட முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்தையும் வக்கீல் பட்டியல்ல சேத்துட்டாரு. அம்மா விடல. அவரு லண்டன் கிங்ஸ் காலேஜுக்கு சட்டம் படிக்கத்தான் போனாரு, ஆனா முடிக்கல, உலகப் போர் வந்துடுச்சு, எழுத்துப் பக்கம் போயி பத்திரிகைக்காரரா திரும்பி வந்தாருன்னு தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னாங்க. அங்கிள் மன்னிப்புக் கேட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டாரு. திருத்தினா சரிதான்னு ஏத்துக்கிற குணம் அவருகிட்ட இருக்கு.

மூணாவதுதான் எனக்கு நிஜமாவே வருத்தம். பழைய பார்லிமென்ட் கட்டடத்துக்கு, இப்ப தி ஆர்ட்ஸ் ஹவுஸ், வரும்போது மணி பதினொண்ணே முக்கால், பதினஞ்சே நிமிஷம் மிச்சம். நம்மாளுங்க கதை பூரா அங்கதான் இருக்கு, எல்லாம் ஓட்டம். சுதந்திர சிங்கப்பூரோட முதல் நாடாளுமன்றம் 1965 டிசம்பர் 8ம் தேதி கூடினப்ப சபாநாயகர் நாற்காலில இருந்தது ஏ. பி. ராஜா, லிங்கன்ஸ் இன் வக்கீல், பிறகு நீதிபதியும் ஆனாரு. அவருக்கு அடுத்து பஞ்ச் குமாரசாமி, அவரும் வக்கீல், அவரும் பிற்பாடு நீதிபதி. இந்த ரெண்டு பேரையும் டூர்ல சொல்லவே இல்ல. ஜே. பி. ஜெயரத்தினத்துக்கு ரெண்டே வரி, அதுலயும் பேரு தப்பா உச்சரிப்பு. யாழ்ப்பாணத்துல பொறந்து, கிரேஸ் இன்ல 1951ல வக்கீல் ஆகி, இங்க மாவட்ட நீதிபதியா உக்காந்திருந்த மனுசன் அந்த வேலையை விட்டுட்டு எதிர்க்கட்சிக்குப் போயி, தேர்தல் தேர்தலா தோத்து, 1981 அக்டோபர் 31 ஆன்சன் இடைத்தேர்தல்ல 653 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சு உள்ள வந்தாரு, வந்த இடம் நாங்க நின்ன அதே மண்டபம். அவரோட அரசியல் உங்களுக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, நீதிபதி நாற்காலிலேந்து தனியாளா எதிர்க்கட்சி பெஞ்சுக்குப் போனவரோட கதைக்கு பத்து நிமிஷமாவது கொடுக்கணும்.

இன்னொண்ணு, அங்கிள் சொல்லாம விட்டது, நான் வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப தோணினது. சட்ட அமைச்சர் பதவியில 1964லேந்து 1988 வரைக்கும் பார்க்கர், 1988லேந்து 2008 வரைக்கும் எஸ். ஜெயக்குமார், அங்கேந்து 2025 மே வரைக்கும் கா. சண்முகம். அறுபது வருஷத்துல மூணே பேரு, அதுல ரெண்டு பேரு தமிழங்க. ஒருத்தரு சட்டக் கல்வித்துறைத் தலைவரா இருந்தவரு, இன்னொருத்தரு கோர்ட்ல நின்னு சீனியர் கவுன்சல்ங்கிற மூத்த வக்கீல் அந்தஸ்து வாங்கினவரு, ரெண்டு பேருமே லண்டன் போகாம இங்கேயே சட்டப் பட்டம் வாங்கினவங்க. அந்த நாலு வாசல் கதை எங்க முடிஞ்சு நம்ம ஊரு சட்டப்பள்ளி கதை எங்க ஆரம்பிக்குதுன்னு காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதைச் சேத்தா டூர் முழுசாகும்.

முடிஞ்சதும் அம்மா தாத்தாவோட ஃபோட்டோவை அங்கிள்கிட்ட காட்டினாங்க, காக்கி யூனிஃபார்ம், தோள்ல பை. 1952 ஸ்டிரைக்கான்னு கேட்டுட்டு அங்கிள் கண்ணாடியைக் கழட்டி கிட்ட வச்சுப் பாத்தாரு. அந்த ஸ்டிரைக்ல இருந்தவரோட குடும்பத்தை இப்பதான் முதல் தடவை பாக்குறேன்னாரு, ஃபோட்டோவுக்கு ஒரு நகல் கிடைக்குமான்னும் கேட்டாரு. அம்மா சரின்னுட்டாங்க, நான் அன்னைக்கு ராத்திரியே ஸ்கேன் பண்ணி அனுப்பினேன்.

அஞ்சுக்கு நாலு கொடுக்கிறேன். தொப்பி, குடை, தண்ணி எடுத்துட்டுப் போங்க, வயசானவங்களுக்கு படிக்கட்டுல உக்கார ஒரு சின்னத் துணியும். புக் பண்ணும்போதே பழைய பார்லிமென்ட்ல அரை மணி நேரம் வேணும்னு எழுதிடுங்க, ஜெயரத்தினம், ராஜா, குமாரசாமி பேரைப் போட்டே எழுதுங்க. பத்து பேரு சேந்தா மொழிபெயர்ப்பாளர் வச்சு தமிழ்லயும் நடத்துறோம்னு பதில் போட்டிருக்காங்க. இதுவரைக்கும் ஆறு பேரு சேந்தாச்சு, நாலு இடம் இருக்கு, வர்றவங்க கீழ சொல்லுங்க.