சிங்கப்பூர் தீம் பார்க் சுற்றுலாவுக்குக் காசு கட்டப் போகிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுக் கட்டுங்கள்

இதை எழுத வேண்டாம் என்று வீட்டில் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் என் மாமி. "தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, அவனுடைய பிழைப்பைக் கெடுக்காதே" என்றார். மற்றவர் என் கணவர். ஏமாந்த கதையை ஊருக்குச் சொல்ல அவருக்கு வெட்கம். சரி மாமி, பெயரை எழுதவில்லை. வெட்கத்தை நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டுக்காரர் அதே இடத்தில் அடுத்த விடுமுறைக்கு முற்பணம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்ட பிறகு, வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. ஒருநாள் இயக்கச்சியில் உள்ள பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றிலிருந்து மகன் "பெரிய பூங்கா எப்போது?" என்று கேட்கத் தொடங்கினான். இரண்டு வருடம் கட்டிய சீட்டு கைக்கு வந்தது. சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் விசா இல்லாமலே போகலாம். அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேரும் சித்திரை விடுமுறையில் போவதாக முடிவு செய்தோம்.

நகரில் ஒரு சிறிய பயண அலுவலகம். நடத்துபவர் மாமியின் சொந்தக்காரருக்கு வேண்டியவர். மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு வண்ணத்தாள்: நீச்சல் குளம், அதன் பின்னால் பூங்காவின் கோபுரங்கள், குளத்தின் ஓரத்தில் சிரிக்கிற பிள்ளைகள். "தீம் பார்க் ரிசோர்ட்டிலேயே தங்கல், அக்கா. காலையில் எழும்பிக் கதவைத் திறந்தால் பூங்கா. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்." மூன்று இரவு, பூங்கா நுழைவு, விமான நிலையத்திலிருந்து வாகனம், எல்லாம் சேர்த்து 490,000 ரூபா. விமானச் சீட்டு வேறு. கையில் காசாகக் கட்டினால் கொஞ்சம் குறைப்பதாகச் சொன்னார். காசாகவே கட்டினோம்.

பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "சிங்கப்பூர் டூர், 5 பேர்." அவ்வளவுதான். கூடத் தந்த ஒப்பந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் தங்குமிடம் என்ற இடத்தில் ரிசோர்ட் என்று போட்டு, பக்கத்திலேயே "அல்லது அதற்கு இணையான விடுதி" என்று இருந்தது. அதை நான் வாசித்தேன். வாசித்தும் கையெழுத்து வைத்தேன். இணையான என்றால் பக்கத்து ரிசோர்ட் என்றுதான் எனக்கு விளங்கியது.

விடுதியின் பெயரோடு உறுதிச் சீட்டு எங்கே என்று பல தடவை கேட்டேன். "வரும், அக்கா" என்பதே பதில். வந்தது, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் வவுனியாவைத் தாண்டிய பிறகு, வட்ஸ்அப்பில். கேள்விப்படாத ஒரு பெயர். உடனே அழைத்தேன். "அதுவும் அதே தரம்தான் அக்கா, பூங்காவுக்கு பஸ் விடுவார்கள்." பின் இருக்கையில் மகள் என் மடியில் தலை வைத்து நித்திரை. திரும்பிப் போகவா முடியும்?

நள்ளிரவுக்குப் பின் விமானம் ஏறி நான்கு மணி நேரத்தில் சாங்கியில் இறங்கினோம். அங்கே நம் நேரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னால், ஆகவே காலை ஏழரை. நியாயத்தைச் சொல்ல வேண்டும், வாகனம் நேரத்துக்கு வந்து நின்றது. செந்தோசாவா என்று சாரதியிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இல்லை, கேலாங்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் போக இருந்த பூங்கா, யூனிவர்சல் ஸ்டூடியோஸ், இருப்பது செந்தோசா என்ற தீவில், நகரின் தெற்கு ஓரத்தில். கேலாங் நகரின் கிழக்குப் பக்கம். நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர்போன இடம், மலிவு விடுதிகள் நிறைந்த இடம். அதோடு சிவப்பு விளக்குச் சந்துகளுக்கும் பெயர்போனது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குப் பால்மா வாங்க இறங்கிய என் கணவர், திரும்பி வந்து "பிள்ளைகளை இரவில் வெளியே விடாதே" என்று மட்டும் சொன்னார்.

அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தருவார்களாம். இது அந்த விடுதியின் குற்றம் அல்ல, உலகம் முழுவதும் ஹோட்டல் வழக்கம் ஏறத்தாழ அதுதான். ஆனால் சிறு பிள்ளைகளோடு விடியற்காலை விமானத்தில் போகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்வது ஒரு பயண முகவரின் வேலை இல்லையா? ஆறு மணி நேரம் போல பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, இரவு முழுக்கத் தூங்காத மூன்று வயதுப் பிள்ளையோடு வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மணிக்கு அடுத்த அடி. வரவேற்பில் இருந்த பெண் தமிழ் பேசினார், மலேசியாக்காரர். கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அக்கா, இது இரண்டு பெரியவர்களுக்கு மட்டும் போட்ட அறை. ஐந்து பேரை ஏற்க முடியாது." திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிள்ளைகள் என்ற இடத்தில் பூச்சியம். முன்பதிவு செய்த திகதி நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர். நாங்கள் காசு கட்டியது தை மாதத்தில்! முகவரை அழைத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு அறைக்கு எங்கள் கைக்காசிலிருந்து மூன்று இரவுக்கும் 330 சிங்கப்பூர் டொலர் கட்டினோம். அன்றிரவு கைபேசியில் தேடிப் பார்த்தால் அந்த விடுதியின் அறை ஒன்று இரவுக்கு 98 டொலர்.

அறைக்குள் போனதும் மகன் ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்தான், பூங்காவின் கோபுரம் தெரிகிறதா என்று பார்க்க. திரைச்சீலைக்குப் பின்னால் சுவர். வெள்ளை பூசிய வெறும் சுவர். ஜன்னலே இல்லை. சிங்கப்பூரில் மலிவு விடுதிகளில் ஜன்னல் இல்லாத அறை சாதாரணமாம். முன்பதிவில் அதையும் எழுதியிருப்பார்களாம், வாசிப்பவருக்கு. அவன் திரைச்சீலையை மெதுவாகத் திரும்ப மூடிவிட்டு என்னைப் பார்த்தான். அந்த முகத்துக்கு முகவர் எத்தனை ரூபா குறைத்துத் தருவார் என்று அவரிடம் பிறகு கேட்டேன். பதில் இல்லை.

பூங்காவுக்கு விடுவதாகச் சொன்ன பஸ்ஸைப் பற்றி அந்த வரவேற்புப் பெண்ணுக்கே தெரியாது. அல்ஜுனிட் நிலையத்தில் ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்துக்கு ஏறி, அங்கிருந்து தீவுக்குப் போகும் சின்ன ரயில். அதற்குத் தலைக்கு 4 டொலர். பெரியவர்கள் தனியே போனால் ஒன்றுமில்லை, அருமையான ரயில் சேவை. ஆனால் தள்ளுவண்டில், பால் போத்தல் பை, முழங்கால் வலியுள்ள அப்பம்மா, ஒவ்வொரு நகரும் படியிலும் நின்று பார்க்க விரும்பும் மகன் என்று ஒரு பட்டாளத்தோடு போனால் வாசலுக்கு வர ஒன்றே கால் மணி நேரம்.

இங்கேதான் நான் ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரிசோர்ட்டில் தங்குவது ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். அது பூங்காவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் அல்ல. நண்பகல் பன்னிரண்டரைக்கு ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண் சொருகும்போது, கட்டில் எத்தனை நிமிடத்தில் என்ற கணக்கு. பக்கத்தில் தங்கியிருப்பவர்கள் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய், பிள்ளையை இரண்டு மணி நேரம் தூங்கவைத்துவிட்டு மாலையில் மீண்டும் உள்ளே வருகிறார்கள். எங்களுக்கு அது முடியவில்லை. சித்திரையில் அங்கே பிற்பகலில் இடி மழை வழக்கம். மின்னல் வந்தால் வெளியில் உள்ள சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். என் கணவர் ஒரு கடையின் தாழ்வாரத்தில், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். மகனும் நானும் மழைக்குள் மினியன் பகுதியைத் தேடிப் போனோம். அதுதான் எங்கள் தீம் பார்க் நாள்.

சில்லறை மோசடிகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்காவில் நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சீட்டே வேண்டாம். மகளுக்கும் காசு வாங்கியிருந்தார், அனுப்பிய சீட்டுகளோ நான்கு. அறுபது தாண்டியவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, அப்பம்மாவுக்கு முழுக் கட்டணம். வரிசையில் நிற்காமல் போகலாம் என்று மகனுக்கு ஒரு விரைவுச் சீட்டு வேறு. அவன் உயரம் 112 சென்ரிமீற்றர். மம்மி சவாரிக்கு 122 வேண்டும், இரட்டை ரோலர்கோஸ்டருக்கு 125. அளவுகோலின் பக்கத்தில் நுனிக்காலில் நின்று பார்த்தான், பாவம். சிங்கப்பூர் வருகை அட்டை என்று தலைக்கு 2,500 ரூபா வாங்கினார். அது இணையத்தில், பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள், நாமே இலவசமாக நிரப்புவது.

இரண்டாம் நாள் ஒருவழியாக முகவர் அழைத்தார். தீவு ரிசோர்ட்டுக்கு மாற்றித் தரலாமாம், இரவுக்கு இவ்வளவு "பிளஸ் பிளஸ்" என்றார். அந்த இரண்டு பிளஸ்ஸும் என்ன என்று வரவேற்புப் பெண்தான் விளக்கினார். முதல் பிளஸ் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அடுத்தது அதற்கும் மேல் 9 சதவீத வரி. 400 டொலர் என்று சொன்னால் கட்டுவது 479 டொலர் 60 சதம். அது சரிவராது என்றதும், மலிவாக மலேசியாவின் ஜொகூரில் உள்ள லெகோலாந்துப் பூங்காப் பக்கம் போகலாமே என்றார். மலேசியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும் என்பது பயண முகவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொன்னார். எது மோசம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

கடைசி நாள் பிடிவாதமாக நானே அந்த வண்ணத்தாளில் இருந்த ரிசோர்ட்டுக்குப் போய், எங்கள் பெயரில் எப்போதாவது முன்பதிவு இருந்ததா என்று கேட்டேன். மரியாதையாகத் தேடிப் பார்த்தார்கள். ஒருபோதும் இருக்கவில்லை. அங்கே அறை நிரம்பிவிட்டது, அதனால்தான் மாற்றினேன் என்று முகவர் சொன்ன கதை அதோடு முடிந்தது.

ஊருக்கு வந்து அலுவலகத்துக்குப் போனோம். "நீங்கள் கையெழுத்து வைத்த தாளில் இணையான என்று இருக்கிறதே, அக்கா." அடுத்த பயணத்தில் 25,000 ரூபா கழிவு தருவதாகச் சொன்னார். அடுத்த பயணமாம்! சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய சான்றிதழை அன்றுதான் வடிவாக வாசித்தேன். முதல் நாள் அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அது வெறும் வியாபாரப் பதிவு. பயண முகவருக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொன்னேன். புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாராம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துவிட்டு எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்க சபைக்கும் போயிருக்கிறோம். காசாகக் கட்டியதுதான் பெரிய முட்டாள்தனம். கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும்.

நீங்கள் போவதாக இருந்தால், விடுதியின் பெயர் எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "இணையான" என்ற சொல்லைப் பேனாவால் வெட்டச் சொல்லுங்கள், வெட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். முகவரின் உறுதிச் சீட்டை நம்பாமல் விடுதியின் சொந்த முன்பதிவு இலக்கத்தை வாங்கி, நீங்களே விடுதிக்கு மின்னஞ்சல் போட்டு, பிள்ளைகளின் வயதும் எண்ணிக்கையும் பதிவாகி இருக்கிறதா, அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். தீவில் தங்கல் என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள். பூங்காவின் வாசலோடு ஒட்டியவை சில, கடற்கரைப் பக்கம் இருப்பவற்றிலிருந்து தீவுக்குள் ஓடும் பஸ்ஸில் வர வேண்டும். அந்தச் செலவு கட்டாது என்றால் விவோசிட்டியின் பக்கத்தில் தங்குங்கள். அங்கிருந்து தீவுக்கு நடைபாதை இருக்கிறது, தள்ளுவண்டிலோடு நடந்தே போய்விடலாம்.

இணக்க சபைத் தவணை வரும் மாதம். பற்றுச்சீட்டையும் அந்த இரண்டாம் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், காசு கட்ட இருப்பவர்கள் யாரும் கேட்டால் காட்டுவேன். மகன் இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் திரைச்சீலையை இழுத்துப் பார்க்கிறான்.