அப்பாவுக்கு ஒரு கார்: திருச்சியில் புதியதா, பழையதா?

சிங்கப்பூரில் கார் வாங்கும் எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. அங்கே பத்தாண்டு காலம் கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழின் விலையே 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. ஆகவே எங்கள் குடும்பத்துக்குக் கார் என்றால் திருச்சியில் அப்பா ஓட்டுவதுதான். பழைய வண்டியை விற்றபின் ஆட்டோவை நம்பியே இருந்தவர், இந்த விடுமுறையில் "சின்னதாக ஒன்று பாரம்மா" என்றார். என் கையில் ஆறரை லட்சம். கடன் வாங்குவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதலில் பழைய கார் விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளுக்குப் போனோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. புதிய காரின் விலை இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும் அல்லவா? அந்தச் செய்தியைக் கடைக்காரர்கள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2020 மாடல் வேகன் ஆர் ஒன்றுக்கு நாலரை லட்சம் கேட்டார்கள். கேள்வி கேட்டது நான், பதில் முழுவதும் தம்பிக்கு. பணம் யாருடையது என்று தெரிந்த பிறகும் அப்படித்தான்.

அப்பாவின் பழைய மெக்கானிக்கைக் கூட்டிப் போனது நல்லதாயிற்று. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு கதவுக் கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பு வருடத்தைக் காட்டும் சின்ன அச்சைக் குனிந்து படித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். இடது பின்கதவில் நின்று, "மற்றதெல்லாம் ஒரு வருடம், இது மட்டும் வேறு வருடம். பாருங்கள் அம்மா" என்றார். கதவின் ரப்பர் பீடிங்கைப் பிரித்ததும், உள்ளே இடிபட்ட இடத்தைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த தடம் தெரிந்தது. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். சென்னையில் 2015இலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை நினைத்து இந்தச் சோதனையை அவர் விடுவதே இல்லையாம். இதில் கறை இல்லை. "வேண்டுமானால் எடுங்கள், ஆனால் நாலுக்கு மேல் கொடுக்காதீர்கள்" என்றார். கடைக்காரர் நாலேகாலுக்குக் கீழே இறங்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பழையதற்கு நாலு டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், கமிஷன் எல்லாம் சேர்த்தால் ஐந்தைத் தொடுகிறது. புதியதின் ஷோரூம் விலை ஐந்தரை. ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம் என்பதால், அதற்கே எழுபதாயிரத்துக்கு மேல். பழைய காரில் உள்ள பெரிய லாபம் இதுதான்: இந்த வரியை முதல் ஓனர் கட்டி முடித்திருப்பார். ஆனாலும் வித்தியாசம் ஒன்றரை லட்சம்தான். நாங்கள் பார்த்த 2020 காரில் ஓட்டுநருக்கு மட்டுமே ஏர்பேக். புதியதில் ஆறு, கூடவே மூன்று வருட வாரண்டி. அம்மா முன்சீட்டில் உட்காருபவர் என்பதால் எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஷோரூமில் காபி நன்றாக இருந்தது. விலைப்பட்டியலில் சீட் கவர், மேட், 'பேக்கேஜ்' என்று கேட்காததெல்லாம் ஏறியிருந்தன. எடுக்கச் சொன்னதும் முகம் சுண்டியது, ஆனால் எடுத்தார்கள். இன்சூரன்ஸை வெளியில் போட்டுக்கொண்டோம். வண்டியை அப்பா பெயரில் எடுத்ததால், பழைய காருக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்காமலே இருந்து அவர் சேர்த்து வைத்திருந்த நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி 50 சதவீதமும் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கழிந்தது. காரை விற்றாலும் அந்தப் போனஸ் விற்றவரிடமே இருக்கும். அதற்கான சான்றிதழை மூன்று வருடங்களுக்குள் பயன்படுத்தலாம். என் பெயரில் வாங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. தவிர, ஓடிபி வரும் கைபேசியும் ஊரிலேயே இருக்க வேண்டும்; என்னுடையது என்னோடு சிங்கப்பூர் போய்விடும்.

தெரிந்தவர் ஒருவர், சர்வீஸ் ரசீதுகளோடு, கன்சல்டிங் இல்லாமல் நேரடியாக விற்றிருந்தால் பழையதையே எடுத்திருப்பேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30இல் கையெழுத்து; வண்டிமேல் கடன் இருந்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35. அப்படி ஒருவர் இந்த விடுமுறையில் அகப்படவில்லை.

டெலிவரி நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகுதான். பணம் கட்டுவதற்கு முன் வண்டியில் உள்ள தகட்டில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துவிடு என்று தம்பியிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். பார்த்து, படமும் அனுப்பினான்.